ஏழெட்டு எண்களும் ஒரு செமஸ்டரும்

இளநிலை உளவியல் படிப்பின் இறுதி ஆண்டில் மாணவர்கள் செய்யும் ஆய்வு ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டுவது, ஆசிரியராக நான் செய்யும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தமானது. வகுப்பில் நடத்தும் பாடங்களின் முடிவுகள் புத்தகத்தில் அச்சாகி வந்தவை. ப்ராஜெக்ட்டில் மட்டும்தான், விடை எனக்கும் தெரியாத ஒரு கேள்வியை மாணவர்களோடு சேர்ந்து நானும் எதிர்கொள்கிறேன். அறிவாற்றல் உளவியலில் அப்படியொரு ப்ராஜெக்ட் எப்படி உருவாகிறது, மாணவர்களின் உழைப்பு அதில் எங்கே செலவாக வேண்டும் என்பதை, இந்த செமஸ்டரில் என்னிடம் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு குழுவை முன்வைத்து இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊர்க் கல்லூரிகளில் உளவியல் ப்ராஜெக்ட் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வார்க்கப்படுகிறது. ‘கல்லூரி மாணவர்களிடையே மன அழுத்தமும் தன்மதிப்பும்’ என்பது போன்ற ஒரு தலைப்பு; வேறொரு நாட்டில் எப்போதோ உருவான இரண்டு வினாப்பட்டியல்கள்; அவற்றை கூகுள் ஃபார்மில் ஏற்றி, வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பி, வந்த பதில்களை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு, இரண்டும் எந்த அளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவை எடுத்து, ஐந்து அத்தியாயங்களாக எழுதி, பைண்டிங் செய்து கொடுத்துவிடலாம். வினாப்பட்டியல் ஆய்வுகளுக்கு உளவியலில் உரிய இடம் உண்டு. அவற்றைக் கவனமாகச் செய்வது எளிதும் அல்ல. ஆனால் இந்த வழியில் போகும் மாணவர், அளவீடு என்ற வேலையைக் கையால் தொடுவதே இல்லை. எதை அளக்கிறோம், எப்படி அளக்கிறோம், அந்த அளவு எங்கெல்லாம் பிசகும் என்ற கேள்விகளுக்கு வேறொருவர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். மாணவருக்கு மிஞ்சுவது பதில்களைச் சேகரிக்கும் வேலை மட்டுமே. மூன்றாண்டுகள் உளவியல் படித்துவிட்டு, ஒரு மனிதரை எதிரே உட்காரவைத்து அவருடைய கவனத்தையோ நினைவையோ ஒருமுறையேனும் தானே அளந்து பார்க்காமல் பட்டம் பெறுவது பெரிய இழப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அறிவாற்றல் உளவியல் இந்தக் குறையைத் தீர்ப்பதற்கு மிகவும் ஏற்ற துறை. அதன் அடிப்படைச் சோதனைகள் பலவற்றுக்குச் செலவே இல்லை. 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் நினைவு பற்றிய தன் நூலை வெளியிட்டபோது, அவருடைய ஆய்வில் பங்கேற்றவர் அவர் ஒருவர்தான். கருவிகள் என்று இருந்தவை பொருளற்ற அசைகளும் ஒரு கடிகாரமும். 1935இல் வெளியான ஜான் ரிட்லி ஸ்ட்ரூப்பின் கட்டுரை, அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வந்தது. 100 வண்ணக் கட்டங்களின் நிறங்களைச் சொல்ல அவருடைய ஆய்வில் பங்கேற்ற மாணவர்களுக்குச் சராசரியாக 63.3 விநாடிகள் ஆயின. அதே நிறங்கள் வேறு நிறங்களின் பெயர்களாக அச்சிடப்பட்டிருந்தபோது, அதாவது ‘சிவப்பு’ என்ற சொல் நீல மையில் இருந்தபோது, 110.3 விநாடிகள் ஆயின. இன்று எந்த வகுப்பறையிலும் ஒரு தாளையும் கைபேசியின் நிறுத்துக் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டைச் சில நிமிடங்களில் காட்டிவிடலாம். சைக்கோபை போன்ற இலவச மென்பொருள் இருக்கும்போது, மில்லிவிநாடிக் கணக்கில் அளக்கவும் ஒரு பழைய லேப்டாப் போதும். துறை ஆய்வகத்தின் அலமாரியில், சொற்களை ஒவ்வொன்றாகச் சுழற்றிக் காட்டும் மெமரி டிரம்மும் படங்களைக் கணநேரம் மட்டும் காட்டும் டாக்கிஸ்டோஸ்கோப்பும் தூசி படிந்து கிடப்பதைப் பார்த்து, சோதனை உளவியல் பழங்காலத்து விஷயம் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது.

இந்த ஆண்டு என்னிடம் வந்த மூவர் குழு முதல் நாளில் கொண்டுவந்த தலைப்பு, ‘இருமொழியறிவு நினைவாற்றலை எவ்வாறு பாதிக்கிறது’ என்பது. எல்லாக் குழுக்களுமே இப்படிப்பட்ட பெரிய தலைப்போடுதான் வருவார்கள். அதில் தவறில்லை, ஆர்வம் எப்போதும் பெரிய அளவில்தான் தொடங்கும். ஆனால் எந்த நினைவு, எந்த மொழிகள், யாருடைய இருமொழியறிவு, எதனோடு ஒப்பிட்டு என்று கேட்கத் தொடங்கியதும் அந்தத் தலைப்பு ஒவ்வொரு வாரமும் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரே ஒரு வரியில் வந்து நின்றது: தமிழும் ஆங்கிலமும் அறிந்த ஒரு கல்லூரி மாணவர், ஒருமுறை மட்டும் காதால் கேட்ட எண்களை வரிசை மாறாமல் திருப்பிக் கொடுக்கும்போது, எந்த மொழியில் கேட்டால் அதிக எண்களை நினைவில் வைத்திருக்கிறார்? செமஸ்டரின் முதல் பகுதி முழுவதும் இந்த ஒரு வரிக்கே போனது. அந்த நேரத்தை நான் சிறிதும் குறைக்க விரும்பவில்லை, ஏனெனில் இந்தப் பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் அளவுக்கு எண் வீச்சு என்று பெயர். ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பிறகு, மனிதரின் உடனடி நினைவில் ஏழு கூட்டல் கழித்தல் இரண்டு உருப்படிகள் அடங்கும் என்பதை உளவியல் படிக்காதவர்களும் சொல்லிக் கேட்கிறோம். ஆனால் அந்த ஏழு எல்லாப் பொருள்களுக்கும் பொதுவானதல்ல என்பதை 1975இல் ஆலன் பேட்லியும் அவருடைய இரு சகாக்களும் காட்டினார்கள். சொல்வதற்கு அதிக நேரம் பிடிக்கும் சொற்களைக் குறைவாகவும், சட்டென்று சொல்லி முடிக்கக்கூடிய சொற்களைக் கூடுதலாகவும் நாம் நினைவில் வைக்கிறோம். ஏறத்தாழ இரண்டு விநாடிகளில் சொல்லி முடிக்கக்கூடிய அளவுதான் நிற்கிறது என்பது அவர்கள் கண்டது. கேட்ட சொற்களை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதாலேயே அவை நிற்கின்றன என்றும், ஒரு சுற்று சொல்லி முடிப்பதற்குள் முதலில் இருந்தது மங்கிப் போனால் அதை இழந்துவிடுகிறோம் என்றும் அவர்கள் விளக்கினார்கள்.

இந்த விளக்கம் சரியென்றால் மொழிக்கு மொழி எண் வீச்சு மாற வேண்டும். 1980இல் வேல்ஸ் நாட்டின் பேங்கரில் எல்லிஸ், ஹென்னெலி ஆகிய இருவரும் வெல்ஷ் மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களிடம் இதைச் சோதித்தபோது, அதே மனிதரின் எண் வீச்சு வெல்ஷில் குறைவாகவும் ஆங்கிலத்தில் அதிகமாகவும் இருந்தது. நுண்ணறிவுச் சோதனைகளில் எண் வீச்சும் ஒரு பகுதி என்பதால், வெல்ஷ் பேசும் குழந்தைகள் அந்தப் பகுதியில் குறைவான மதிப்பெண் பெறுவது அவர்களுடைய அறிவால் நேர்ந்ததா, மொழியால் நேர்ந்ததா என்ற கேள்வியும் அதோடு எழுந்தது. 1986இல் நவே பெஞ்சமினும் அய்ரஸும் ஆங்கிலம், ஸ்பானிஷ், ஹீப்ரு, அரபு ஆகிய நான்கு மொழிகளை ஒப்பிட்டபோது, எண் வீச்சு ஆங்கிலத்தில் மிக அதிகமாகவும் அரபில் மிகக் குறைவாகவும் இருந்தது. சீன மொழியின் எண்கள் மிகக் குறுகியவை. அந்த மொழி பேசுவோரின் எண் வீச்சு ஆங்கிலம் பேசுவோரைவிடக் கூடுதல் என்பதும் பலமுறை கண்டறியப்பட்டது.

நம் மாணவிகள் தமிழ் எண்களை எழுதிப் பார்த்தார்கள். ஒன்று முதல் ஒன்பது வரை எழுத்து வழக்கில் மொத்தம் 20 ஒலியசைகள்: இரண்டும் ஒன்பதும் மூன்று மூன்று, மற்றவை இரண்டிரண்டு. ஆங்கிலத்தில் ‘செவன்’ தவிர மற்ற எல்லாம் ஓரசை. ஆக மொத்தம் 10. இந்தக் கணக்கைப் பார்த்ததும் கருதுகோள் தானாக எழுந்து நின்றுவிட்டது: ஆங்கில எண் வீச்சு தமிழ் எண் வீச்சைவிட அதிகமாக இருக்கும். பெரும்பாலான ப்ராஜெக்ட்டுகள் இந்த இடத்திலேயே சோதனைக்குப் புறப்பட்டுவிடும். புறப்படவிடாமல் அவர்களை மேலும் சில வாரங்கள் நான் நிறுத்திவைத்ததற்குக் காரணம், குழுவில் தமிழ்வழிப் பள்ளியில் படித்து வந்த மாணவி சொன்ன ஒரு வார்த்தை. “மேடம், என் போன் நம்பரையே தமிழ்ல சொல்லச் சொன்னா எனக்குத் தடுமாறுது” என்றார்.

அவர் சொன்னது எளிய உண்மை. ஆனால் ஆய்வின் அடித்தளத்தையே அசைக்கக்கூடிய உண்மை. காய்கறி விலையையும் வயதையும் தமிழில் சொல்பவர்கள்கூட, கைபேசி எண்ணையும் ஓடிபியையும் வங்கிக் கணக்கு எண்ணையும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள். தனித்தனி எண்களை வரிசையாகச் சொல்லும் பழக்கம் என்பதே நம் இளைஞர்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்துவிட்டது. ஆகவே ஆங்கில எண் வீச்சு அதிகமாக வந்தால், அதற்குக் காரணம் எண்களின் நீளமா, பழக்கமா என்று சொல்லவே முடியாது. இரண்டு காரணங்களும் ஒரே திசையில் இழுக்கின்றன. ஒரு முடிவுக்கு இரண்டு விளக்கங்கள் சமமாகப் பொருந்தும் நிலையைத் தாமே கண்டுபிடிப்பதைவிடப் பெரிய பாடம் ஆய்வு முறையியலில் எதுவும் இல்லை. மூன்று ஆண்டுகள் வகுப்பில் குழப்பும் மாறி என்பதை வரையறையாக மனப்பாடம் செய்தவர்கள், அன்று அதைக் கண்ணெதிரே பார்த்தார்கள்.

இதற்குத் தீர்வாக அவர்கள் இரண்டு அளவீடுகளைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு பங்கேற்பாளரும் ஒரு தாளிலுள்ள எண்களை இரண்டு மொழிகளிலும் தன்னால் முடிந்த அளவு வேகமாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்த நேரம் அளக்கப்படும். கூடவே, எந்தெந்தச் சூழலில் எந்த மொழியில் எண்களைச் சொல்கிறார், வாய்ப்பாட்டை எந்த மொழியில் கற்றார், எந்த வழிப் பள்ளியில் படித்தார் என்பதற்கு ஒரு சிறிய படிவம். எண் வீச்சின் வேறுபாடு படிக்கும் வேகத்தோடு ஒட்டிப் போகிறதா, பழக்கத்தோடு ஒட்டிப் போகிறதா என்று பார்க்க இது ஓரளவு உதவும். முழுமையாகப் பிரித்துவிடாது; பழக்கமே வேகத்தையும் கூட்டும் அல்லவா? அந்த வரம்பை அறிக்கையில் அவர்களே வெளிப்படையாக எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்ததாக வந்த சிக்கல்தான் எனக்கு இந்த ஆண்டின் பெருமகிழ்ச்சி. வெல்ஷ் ஆய்வைப் பற்றிப் பின்னாளில் எழுதப்பட்டவற்றைத் தேடிய மாணவி ஒருவர், முர்ரே, ஜோன்ஸ் ஆகியோர் 2002இல் வெளியிட்ட கட்டுரையைக் கொண்டுவந்தார். வெல்ஷ் எண்களைத் தனித்தனியாக அளந்தால் அவை நீளமானவை அல்ல என்றும், ஒரு எண்ணின் முடிவிலிருந்து அடுத்த எண்ணின் தொடக்கத்துக்கு வாய் மாறும் இடத்திலுள்ள சிக்கல்தான் வேகத்தைக் குறைக்கிறது என்றும் அவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அப்படியானால் தமிழில் அந்தச் சந்திப்பு எப்படி இருக்கிறது என்ற கேள்வி உடனே எழுந்தது. பள்ளி இலக்கணத்தில் படித்தது இங்கே நேரடியாக உதவிக்கு வந்தது. தமிழில் ஏழு தவிர மற்ற எட்டு எண்களும் குற்றியலுகரத்தில் முடிகின்றன. மூன்றும் நான்கும் தவிர மற்ற ஏழும் உயிரெழுத்தில் தொடங்குகின்றன. குற்றியலுகரத்தின் முன் உயிர் வந்தால் உகரம் கெட்டு, நிற்கும் மெய்யின் மேல் அந்த உயிர் ஏறிக்கொள்ளும். எட்டும் ஆறும் சேர்ந்தால் எட்டாறு. நான்கு ஒலியசைகள் மூன்றாகிவிடுகின்றன. ஏழின் ஈற்றில் இருப்பது முற்றியலுகரம்தான் என்றாலும், ஏழெட்டு என்று அதுவும் அப்படியே சேர்ந்துகொள்கிறது. நாலைந்து, ஐந்தாறு, ஆறேழு என்று நாள்தோறும் நாம் பேசுவது இந்தப் புணர்ச்சியின் பலன்தான்.

ஆகவே, தனி எண்களின் அசைகளைக் கூட்டி 20 என்று சொன்ன கணக்கு, மனதுக்குள் வேகமாகச் சொல்லிக்கொள்ளும் எண் வரிசைக்குப் பொருந்தாமல் போகலாம். எந்த எண்ணுக்கு அடுத்து எந்த எண் வருகிறது என்பதைப் பொறுத்து ஒரே நீளமுள்ள இரண்டு தமிழ் வரிசைகள் வெவ்வேறு நேரம் எடுக்கக்கூடும். இது என் ஊகம் மட்டுமே. அளந்து பார்க்காமல் அதற்கு மேல் மதிப்பில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டு மாணவிகள், வேறொரு நாட்டு மொழியைப் பற்றிய ஆய்வையும் தங்கள் மொழியின் புணர்ச்சி விதியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்து, இதுவரை தாங்கள் படித்த பாடப்புத்தகங்களில் இல்லாத ஒரு கேள்வியை எழுப்பினார்கள் என்பது உண்மை. தமிழ் இலக்கணம் அவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துபோன பாடமாக இருந்தது. சோதனை உளவியலுக்கு வேண்டிய ஒரு கருவியாக அது மீண்டும் அவர்கள் கைக்கு வந்த அந்தப் பிற்பகலில், வகுப்பு நேரம் முடிந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

எண் வரிசைகளைத் தயாரிப்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சின்ன வேலையாகத் தெரியும். இந்த விதிகளையெல்லாம் வகுத்த பிறகு அது அப்படி இருக்கவில்லை. ஒரு வரிசையில் ஒரே எண் இருமுறை வரக் கூடாது. 108, 1947 போன்று ஏற்கெனவே மனதில் பதிந்தவை உள்ளே நுழைந்துவிடக் கூடாது, ஏனெனில் ஆம்புலன்ஸையோ விடுதலை ஆண்டையோ நினைவூட்டும் எண்கள் மூன்று நான்கு உருப்படிகளாக இல்லாமல் ஒரே உருப்படியாகிவிடும். அடுத்தடுத்த எண்கள் ஏறுவரிசையில் வரக் கூடாது என்பது எல்லா மொழிக்கும் பொதுவான விதி. தமிழில் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏழும் எட்டும் அடுத்தடுத்து வந்தால், கேட்பவருக்கு ‘ஏழெட்டு’ என்ற பழகிய ஒரே சொல் கிடைத்துவிடுகிறது. பூஜ்யத்தை முழுவதுமாக விலக்கினார்கள். அதைச் சிலர் பூஜ்யம் என்றும் சிலர் சைபர் என்றும் பலர் ஜீரோ என்றும் சொல்வதால், மனதுக்குள் எதைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று யாராலும் அறிய முடியாது.

ஒலிப்பதிவில் இன்னொரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு, ஐந்து, ஒன்பது என்று பதிவு செய்வதா, ரெண்டு, அஞ்சு, ஒம்போது என்று பதிவு செய்வதா? எழுத்து வழக்கில் கேட்கவைத்தாலும் பங்கேற்பாளர் மனதுக்குள் பேச்சு வழக்கில்தான் சொல்லிக்கொள்வார் என்பதால், பேச்சு வழக்கையே தேர்ந்தெடுத்தார்கள். அதில் மொத்த ஒலியசைகள் 19ஆகக் குறைகின்றன. முன்னே சொன்ன புணர்ச்சி இந்த வடிவங்களிலும் பெரும்பாலும் அப்படியே நிகழ்கிறது. விடுதி அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்து, அடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒவ்வொரு எண்ணையும் தனியாக வெட்டினார்கள். ஒரு விநாடிக்கு ஒரு எண் என்பது வழக்கமான வேகம். அதாவது ஒரு எண் தொடங்கியதிலிருந்து அடுத்த எண் தொடங்கும்வரை ஒரு விநாடி. திரையில் ஒலி அலையைப் பார்த்தபோது, ‘ஒம்போது’ மற்றவற்றைவிட அகலமாக நின்று, தனக்குப் பின்னால் வரும் மௌனத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வது தெரிந்தது. அந்த மௌனத்தில்தான் கேட்பவர் முந்தைய எண்களைத் திரும்பச் சொல்லிக்கொள்கிறார். நீளமான எண் இரண்டு வழிகளில் இடைஞ்சல் செய்கிறது என்பதை அவர்கள் எந்தக் கட்டுரையையும் படிக்காமல், அந்தப் படத்திலிருந்தே புரிந்துகொண்டார்கள். பதிலை வாயால் சொல்லச் சொன்னால் தமிழில் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகி, அதற்குள் கடைசி எண்கள் மறக்கக்கூடும் என்பதால், இரண்டு மொழிகளுக்கும் பதிலைத் தாளில் எழுதவைப்பது என்று முடிவானது. பாதிப் பேருக்குத் தமிழ் முதலில், பாதிப் பேருக்கு ஆங்கிலம் முதலில்.

எத்தனை பேரைச் சோதிப்பது என்ற கேள்விக்கு, ‘முப்பது பேர் போதும்’ என்ற கேள்விப்பட்ட பதிலைத்தான் மாணவர்கள் எப்போதும் முன்வைக்கிறார்கள். அதைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் விதி. நடுத்தர அளவிலான ஒரு விளைவு, அதாவது திட்ட விலக்கத்தில் பாதியளவு வேறுபாடு, உண்மையிலேயே இருந்தால் அதை நூற்றுக்கு எண்பது முறை கண்டுபிடிக்கும் வாய்ப்பு வேண்டுமானால், இரண்டு தனித்தனிக் குழுக்களை ஒப்பிடும் ஆய்வுக்குக் குழுவுக்கு 64 பேர் வீதம் 128 பேர் வேண்டும். அதே நபரை இரண்டு மொழிகளிலும் சோதிக்கும் ஆய்வுக்கு 34 பேர் போதும். ஒரு செமஸ்டரில், ஒரு அறையில், ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் ஒதுக்கி மூன்று மாணவிகளால் செய்யக்கூடியது எது என்பதை இந்தக் கணக்கு சந்தேகமின்றிச் சொல்லிவிடுகிறது. ஜி பவர் என்ற இலவச மென்பொருளில் இதைச் சில நொடிகளில் போட்டுப் பார்க்கலாம். இதைச் செய்யாமல் தொடங்கும் ப்ராஜெக்ட்டுகளில் மாணவர்களின் உழைப்பு வீணாவதை நான் வேதனையோடு பார்த்திருக்கிறேன்.

முடிவுகள் வருவதற்கு முன்பே கருதுகோளையும் பகுப்பாய்வு முறையையும், யாருடைய தரவை எந்தக் காரணத்துக்காக நீக்குவோம் என்பதையும் இரண்டு பக்கங்களில் எழுதித் தேதியிட்டு என்னிடம் கொடுத்துவிட வேண்டும். இதைக் கட்டாயமாக்கியதற்குப் பின்னால் நம் துறையின் அண்மைக்கால வரலாறு இருக்கிறது. 2015இல் பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த ஒரு பெரும் கூட்டுமுயற்சியில், முன்னணி இதழ்களில் வெளியான 100 உளவியல் ஆய்வுகள் மீண்டும் செய்து பார்க்கப்பட்டன. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் நோக்கில் பொருளுடைய, அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத, முடிவுகளைக் காட்டியிருந்தன; மறுபடி செய்தபோது 36 விழுக்காடு மட்டுமே அப்படிக் காட்டின. அறிவாற்றல் உளவியல் ஆய்வுகளில் பாதியளவு தேறின. சமூக உளவியலில் கால்பங்குதான். பாதி தேறியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு மனமில்லை. தரவைப் பார்த்த பிறகு கருதுகோளை மாற்றுவதும், ஒத்துவராத பங்கேற்பாளரை ஏதோ ஒரு காரணம் சொல்லி விலக்குவதும், ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாதவர்களே செய்துவிடக்கூடியவை. இருபது வயதில் அதற்கு எதிரான பழக்கம் கைக்கு வந்துவிட்டால் பிறகு விடாது.

பங்கேற்பாளர்கள் பெரும்பாலும் முதலாண்டு மாணவர்கள். சீனியர் அக்கா கேட்டால் மறுக்கத் தயங்குவார்கள் என்பதால், சம்மதப் படிவத்தைத் தமிழிலும் எழுதி, எந்த நேரத்திலும் எழுந்து போகலாம், வருகைப் பதிவுக்கும் மதிப்பெண்ணுக்கும் இதனோடு தொடர்பில்லை என்று வாயாலும் சொல்லவைக்கிறேன். எண்களை மறந்துவிடும் ஒவ்வொரு முறையும் பங்கேற்பாளரின் முகம் வாடுவதை மாணவிகள் கவனித்தார்கள். எல்லோருக்கும் தோல்வி வரும்வரை வரிசையை நீட்டிக்கொண்டே போவதுதான் இந்தச் சோதனையின் முறை என்பதை முன்கூட்டியே விளக்க வேண்டும் என்று அவர்களே முடிவு செய்து, அறிவுறுத்தல் தாளில் சேர்த்தார்கள். தனிநபரின் எண்ணிக்கையை அவரிடம் நுண்ணறிவு மதிப்பெண் போலச் சொல்வதில்லை என்றும் தீர்மானித்தோம். வெல்ஷ் குழந்தைகளுக்கு நேர்ந்ததைப் படித்துவிட்டு அதே பிழையை நம் பிள்ளைகளுக்கு எப்படிச் செய்வது?

தரவு சேகரிப்பு இன்னும் நடந்துகொண்டிருப்பதால் முடிவுகளை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்லும் உரிமை வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அந்த மூவருக்குத்தான். ஒன்றை மட்டும் அவர்களுக்கு முன்கூட்டியே உறுதியளித்திருக்கிறேன்: இரண்டு மொழிகளுக்கும் வேறுபாடு தென்படவில்லை என்று வந்தாலும் அவர்களுடைய ப்ராஜெக்ட்டின் மதிப்பு ஒரு துளியும் குறையாது. சில ஆண்டுகளுக்கு முன், வைவாவில் ஒரு புறத் தேர்வாளர், கருதுகோள் நிறுவப்படவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நன்கு வடிவமைக்கப்பட்ட ஓர் ஆய்வுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தார். அந்த மாணவர் அடுத்த நாள் என்னிடம் வந்து, எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கலாமோ என்று கேட்டார். மதிப்பீடு செய்பவர்கள் எதற்கு மதிப்பெண் போடுகிறார்களோ அதையே மாணவர்கள் அறிவியல் என்று கற்றுக்கொள்கிறார்கள். அதனால் எங்கள் உள்மதிப்பீட்டில் மதிப்பெண்ணின் பெரும்பகுதியைக் கேள்வி, வடிவமைப்பு, தேதியிட்ட முன்திட்டம் ஆகியவற்றுக்கு ஒதுக்கும்படி கேட்டுப் பெற்றிருக்கிறேன்.

வாயில் ஏதாவது ஒரு அசையை ஓயாமல் சொல்லவைத்து, மனதுக்குள் எண்களைச் சொல்லிக்கொள்ள முடியாதபடி செய்தால், இரண்டு மொழிகளுக்கும் உள்ள வேறுபாடு மறைகிறதா என்று பார்ப்பது இயல்பான அடுத்த படி. வெல்ஷ் ஆய்வில் அப்படித்தான் மறைந்தது. இந்த செமஸ்டரில் அதற்கு நேரமில்லை. ஆகவே எண் வரிசைகள், ஒலிக்கோப்புகள், சைக்கோபை நிரல், பெயர் நீக்கப்பட்ட தரவு ஆகிய எல்லாவற்றையும் விளக்கக் குறிப்போடு துறையின் கணினியில் வைத்துவிட்டுப் போவதும் இந்த ஆண்டு ப்ராஜெக்ட்டின் ஒரு பகுதி. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவர் அதை எடுத்துச் செய்ய இப்போதே பேசிவைத்திருக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் குறைவு என்பதால், பழக்கத்தையும் நீளத்தையும் பிரித்துப் பார்ப்பதற்குத் தேவையான பங்கேற்பாளர்கள் எங்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. தமிழ்வழி மாணவர்கள் அதிகமுள்ள கல்லூரிகளில் உளவியல் நடத்தும் ஆசிரியர்கள் யாரேனும் இதே சோதனையைத் தங்கள் மாணவர்களோடு செய்து பார்க்க விரும்பினால் எழுதுங்கள். வரிசைகளையும் ஒலிக்கோப்புகளையும் அப்படியே அனுப்பிவைக்கிறேன்.